மாணவர் ஆராய்ச்சி வெறும் சடங்கா?

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பயிலும் பிள்ளையுள்ள வீடுகளில் இப்பொழுதெல்லாம் ஒரு புதுக் கவலையைக் காணலாம். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மகன் புத்தகத்தை மூடிவிட்டுப் போத்தல்களுடன் கிணறு கிணறாக அலைகிறான். மகளோ வினாக்கொத்துக் கட்டொன்றைச் சுமந்து வீடு வீடாகச் சென்று, "உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் சலரோகம் உண்டா?" என்று கேட்கிறாள். இன்னொரு வீட்டுப் பிள்ளை இரவு முழுவதும் கணினியின் முன்னமர்ந்திருந்து விடியும் வேளையில் உறங்கப் போகிறான். ஏனென்று வினவினால், "ஆராய்ச்சி" என்பதே மறுமொழி. "பெரிய பெரிய விஞ்ஞானிகள் கண்டு முடிக்காததையா இவன் காணப் போகிறான்? பட்டம் தருவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சடங்கு இது, எதையாவது எழுதிக் கொடுத்தாற் போதும்" என்று பெற்றோர் தம்முள் ஆறுதல் கூறிக்கொள்வர்.

இவ்வெண்ணம் பெற்றோரளவில் நின்றிருந்தாற் பாதகமில்லை. மாணவரிடமும் அது தொற்றிக்கொண்டுவிட்டது. முன்னே ஒருவர் எழுதியதைத் தலைப்பு மாற்றி எழுதுவதும், அளக்காத எண்களை இருந்த இடத்திலிருந்தே இட்டு நிரப்புவதும் உலகெங்கும் நடப்பனவே. ஆகையால், மாணவர் ஆராய்ச்சி உண்மையிலே சடங்குதானா என்பதை மருத்துவம், கணினியியல், சூழலியல் ஆகிய மூன்று துறைகளிற் சென்ற நூற்றாண்டுகளில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு சற்று ஆராய்வோம்.

சலரோகத்திலிருந்தே தொடங்குவோம். அந்நோய் இல்லாத வீடு நம்மிடையே அரிதாகிவிட்டதல்லவா?

1869 ஆம் ஆண்டில், பேர்லின் நகரில், போல் லங்கர்ஹான்ஸ் என்னும் மருத்துவ மாணவர் தமது பட்டத்துக்குரிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அப்பொழுது அவருக்கு வயது 21. சதையி என்னும் உறுப்பை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கி, அதிலுள்ள கலங்களை வகைப்படுத்துவதே அவர் மேற்கொண்ட பணி. சமிபாட்டு நீரைச் சுரக்கும் கலங்களினிடையே, கடலிற் கிடக்கும் தீவுகள்போற் சிறு சிறு கலக் கூட்டங்கள் சிதறியிருப்பதை அவர் கண்டார். அவற்றின் தொழில் யாது என்பது தமக்குத் தெரியவில்லை என ஒளிவுமறைவின்றி எழுதியும் வைத்தார். அந்த ஒப்புதலுக்காகவே அவ்வாய்வேட்டைப் பெரிதும் மதிக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியிருப்பாராயின், பின்வந்தோர் தேடவேண்டிய இடத்தை அவரே மூடி மறைத்தவராவார்.

இருபது ஆண்டுகள் கழிந்தபின், 1889 இல், மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் சதையியை அகற்ற, அந்நாய்க்கு நீரிழிவு கண்டது. நோய்க்கும் சதையிக்கும் உள்ள தொடர்பு புலனாயிற்று. மாணவர் கண்ட அத்தீவுகளிற் சுரப்பதே அந்நோயைத் தடுக்கும் பொருள் என்ற ஐயம் வலுத்தது. ஆயினும் அதைப் பிரித்தெடுக்க எவராலும் இயலவில்லை. இன்சுலின் என்னும் பெயரே தீவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்க.

1921 ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பான்டிங் என்னும் இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் அம்முயற்சியில் இறங்கினார். பேராசிரியர் மக்லியொட் அவருக்கு ஓர் ஆய்வுகூடத்தையும், சில நாய்களையும், துணைக்கு மாணவர் ஒருவரையும் கொடுத்தார். இரு மாணவருள் எவர் முதலிற் செல்வது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர் என்பர். அவ்வாறு வந்தவரே சார்ள்ஸ் பெஸ்ட், வயது 22, பட்டப் பரீட்சையை அப்பொழுதுதான் முடித்திருந்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள வெல்லத்தின் அளவை நாள்தோறும் அளப்பது அவர் பொறுப்பு. புகழ் தரும் வேலையன்று. ஆனால், அந்த அளவு பிழைத்தால் எடுத்த சாறு பயன் தருகிறதா என்பதை எவரும் அறிய முடியாது.

1922 சனவரி 11 இல், லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அச்சாறு முதன்முதல் ஊசிமூலம் ஏற்றப்பட்டது. அக்காலத்தில் அந்நோய் கண்ட பிள்ளைகளை அரைப்பட்டினி போட்டுச் சில காலம் உயிருடன் வைத்திருப்பதன்றி வேறு வழியில்லை. முதல் ஊசி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. சாற்றில் அழுக்கு மிகுந்திருந்தது. உயிரிரசாயன அறிஞர் கொலிப் அதைத் தூய்மைப்படுத்திக் கொடுக்க, சனவரி 23 இல் மீண்டும் ஏற்றினர். சிறுவனின் குருதி வெல்லம் இறங்கிற்று. அவன் 1935 வரை வாழ்ந்தான். 1923 இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் வழங்கப்பட்டது. மாணவரின் பெயர் அதில் இல்லை. பான்டிங் தமக்குக் கிடைத்த பணத்திற் பாதியைப் பெஸ்ட்டுக்குப் பகிர்ந்தளித்தார். மக்லியொட்டும் தமது பங்கிற் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். உழைத்தவரின் பெயரைத் தம் பெயருக்குள் மறைத்துவிடும் மூத்தோர் எந்நாட்டிலும் உளர். ஆதலால் இதனை இங்கு எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

கணினித்துறையில் நிகழ்ந்தது இதனினும் சிறிய செய்தி, ஆயினும் சுவையானது. 1951 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பேராசிரியர் ரொபேட் ஃபானோ தம் வகுப்பு மாணவருக்கு ஒரு சலுகை அளித்தார். இறுதிப் பரீட்சை எழுதலாம். அல்லது ஒரு கட்டுரை எழுதிப் பரீட்சையிலிருந்து விலக்குப் பெறலாம். (நம் வகுப்புகளில் இவ்வாறு அறிவித்தாற் பரீட்சை மண்டபம் வெறிச்சோடிவிடும்!) கட்டுரைக்குரிய வினா இது: எழுத்துகளை 0, 1 என்னும் இரு குறிகளால் எழுதுமிடத்து, மிகக் குறைந்த குறிகளைக் கொண்டு எழுதும் வழி யாது? ஃபானோவும், தகவற் கொள்கையை வகுத்த ஷனனும் இதற்கு வழி கண்டிருந்தனர். ஆனால் அது எப்பொழுதும் மிகச் சிறந்த விடையைத் தரவில்லை. வினா இன்னும் தீராதது என்பதைப் பேராசிரியர் வெளியிடவில்லை.

டேவிட் ஹஃப்மன் என்னும் மாணவர் பல மாதங்கள் முயன்று, சலித்து, குறிப்புகளை எறிந்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்க முற்பட்ட தறுவாயில் விடை தோன்றிற்று. மற்றையோர் எல்லா எழுத்துகளையும் இரு கூறாக்கி மேலிருந்து கீழே பிரித்து வந்தனர். ஹஃப்மன் கீழிருந்து தொடங்கினார். மிக அரிதாக வரும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒன்றாகக் கொள்க; பின்னர் எஞ்சியவற்றுள் மிக அரிதான இரண்டைச் சேர்க்க; இவ்வாறே இறுதிவரை செல்க. இவ்வளவே அவர் வழி.

ஓர் உதாரணம் காண்போம். 100 எழுத்துள்ள செய்தியொன்றில் க 50 முறையும், த 25 முறையும், ம 15 முறையும், ங 10 முறையும் வருவதாகக் கொள்வோம். எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு குறி கொடுத்தால் 200 குறிகள் வேண்டும். ஹஃப்மன் முறைப்படி க வுக்கு 0, த வுக்கு 10, ம வுக்கு 110, ங வுக்கு 111 எனக் கொடுத்தால் 175 குறிகளே போதும். வீட்டிற் பிள்ளைகள் தாளும் பென்சிலும் கொண்டு கூட்டிப் பார்க்கலாம். 1952 இல் வெளியான இம்முறை, இன்று நாம் கைபேசியில் அனுப்பும் நிழற்படங்களைச் சுருக்குவதிலும் பயன்பட்டு வருகிறது. பரீட்சைக்கு அஞ்சிய மாணவர் ஒருவரின் வகுப்புக் கட்டுரை அது.

இனிச் சூழலியலுக்கு வருவோம். இம்மூன்றனுள் என் மனத்தை விட்டு நீங்காதது இதுவே.

அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்திற் சீடர் பொக் என்றோர் ஏரி உண்டு. ஏரி என்பது பெயரளவில்தான். ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழமே கொண்ட, சேறு நிறைந்து தூர்ந்து வரும் குட்டை அது. மினசோற்றாப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரேமண்ட் லின்டெமன், தம் மனைவி எலினரின் துணையுடன் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அக்குட்டையை ஆராய்ந்தார். நீர்ப்பாசி, நீர்ச்செடி, பூச்சி, புழு, மீன், அடியிற் கிடக்கும் சேறு ஆகிய எல்லாவற்றையும் அள்ளியும் எண்ணியும் நிறுத்தும் பார்த்தனர். இவ்வளவையும் அட்டவணைப்படுத்தி நிறுத்தியிருந்தாலும் பட்டம் கிடைத்திருக்கும். லின்டெமன் மேலும் ஒன்று கேட்டார்: இவையனைத்தையும் இயக்குவது சூரிய ஒளியாயின், அச்சக்தி ஓருயிரிலிருந்து மற்றோர் உயிருக்கு எவ்வளவு செல்கிறது?

கணக்கு வியப்பூட்டுவது. அக்குட்டையின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பிலும் ஆண்டொன்றில் விழும் ஒளி ஏறத்தாழ 1,18,900 கலோரி. அதிற் செடிகளும் பாசிகளும் பற்றிக்கொள்வது 111 கலோரி. அவற்றைத் தின்னும் உயிர்களுக்குச் சேர்வது 15 கலோரி. ஊனுண்ணும் உயிர்களுக்கு எஞ்சுவதோ வெறும் 3 கலோரி! காட்டில் மான் பலவாகவும் புலி சிலவாகவும் இருப்பது ஏன் என்னும் வினாவுக்கு அந்தச் சேற்றுக் குட்டை விடை பகர்ந்தது. படிதோறும் சக்தி குறைகிறது, ஆனால் டீ.டீ.ரீ. போன்ற, எளிதிற் சிதையாத நஞ்சுகள் அவ்வாறு குறைவதில்லை. அவை உண்ணப்படும் உடலிலிருந்து உண்ணும் உடலுக்குச் சென்று, மேற்படியில் உள்ள மீனிலும் பறவையிலும் செறிந்துவிடுகின்றன. பிற்காலத்தார் இதனை விளங்கிக்கொள்ளவும் உணவுச் சங்கிலியைப் படிபடியாக நோக்கும் இம்முறையே கைகொடுத்தது.

1941 இற் பட்டம் பெற்ற லின்டெமன், யேல் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் ஹட்சின்சனிடம் சென்று சேர்ந்தார். தம் ஆய்வேட்டின் இறுதி அத்தியாயத்தைத் திருத்தி எழுதிச் சூழலியல் ஆய்விதழொன்றுக்கு அனுப்பினார். ஏரியாராய்ச்சியிற் பழுத்த அனுபவமுள்ள இரு பெரியார்கள் அதைப் பார்வையிட்டு, வெளியிட வேண்டாம் எனப் பரிந்துரைத்தனர். இத்தகைய பொதுக்கொள்கை வகுக்கும் காலம் இன்னும் வரவில்லை. மேலும் பல ஏரிகளை ஆராய்ந்த பின்னரே இவ்வாறு எழுதலாம் என்பது அவர்கள் கருத்து. அது முற்றிலும் தவறென்று கூறிவிட முடியாது. இளைஞரின் சான்றுகள் சிலவேயென்பது மெய். ஆனால் அந்த இளைஞருக்குக் காலமும் சிலவே எஞ்சியிருந்தது. அவர் கடும் ஈரல் நோயால் வருந்திக்கொண்டிருந்தார்.

ஹட்சின்சன் வாளாவிருக்கவில்லை. புதுக் கருத்தொன்று பிறரைச் சிந்திக்கத் தூண்டுமாயின், அது முற்றாக நிறுவப்படும்வரை காத்திராது வெளியிடுதலே தகும் என வாதித்துப் பத்திராதிபருக்கு எழுதினார். பத்திராதிபர் தோமஸ் பாக், மேற்பார்வையாளரின் முடிவுக்கு மாறாகத் தம் பொறுப்பில் அதை ஏற்றுக்கொண்டார். 1942 யூன் 29 இல் லின்டெமன் காலமானார். வயது 26. கட்டுரை அச்சேறியது அவ்வாண்டு ஒக்டோபரில். தம் பெயரை அச்சிற் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் உயிரியற் பாடத்தில் உணவுச் சங்கிலியையும் சக்திக் கூம்பகத்தையும் வரையும்போது, அந்த இளைஞரின் உழைப்பையே வரைகின்றனர். அவர் இறந்து இரண்டு நாள் கழிந்து, 1942 யூலை 1 இல், இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது என்பதையும் போகிற போக்கிற் சொல்லி வைக்கலாம்.

கவனித்தீர்களா? ஒருவர் ஓர் உறுப்பை நோக்கினார். ஒருவர் ஒரு வகுப்பு வினாவுக்கு விடை தேடினார். ஒருவர் ஒரு குட்டையை எண்ணினார். உலகத்தையே மாற்றிவிடுகிறோம் என்று எவரும் புறப்படவில்லை. ஆகவே நம் பிள்ளைகள் கிணற்று நீர்ப் போத்தலுடன் அலைவதைக் கண்டு நகைப்பானேன்?

உண்மையில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அந்தப் போத்தலைவிடப் பெரிய ஆராய்ச்சிப் பொருள் வேறில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தங்குகிறது, அதையே குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கும் இறைக்கிறோம். செம்மண் தோட்டங்களில் இடும் உரத்தின் நைத்திரேற்றும், மலசல கூடக் குழிகளின் கசிவும் அதே பாறைக்குள்தான் இறங்குகின்றன. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தோட்டஞ் செறிந்த இடங்களிற் பல கிணறுகள் அவ்வரம்பைத் தாண்டியுள்ளன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே சூழலியல் மாணவன் நீரை அளக்கிறான். அந்நீரைக் குடிப்போரின் நலத்தை மருத்துவ மாணவி விசாரிக்கிறாள். எந்தக் கிணறு, எந்த மாதம், எந்த அளவு என்பவற்றைக் கணினி மாணவன் நிலப்படத்தில் ஏற்றுகிறான். மூவரும் தனித்தனி மண்டபங்களில் இருந்து தனித்தனி ஏடுகள் எழுதினால் ஒருவர் கண்டது மற்றவருக்குப் பயன்படாது. வடமத்திய மாகாணத்து விவசாயிகளை 1990 களிலிருந்து வாட்டிவரும் சிறுநீரக நோயின் காரணத்தை ஒரு துறையினர் தனித்து நின்று கண்டுவிட முடியாதென்பதும் இது போன்றதே.

இதிற் குடும்பத்தவருக்கும் பங்குண்டு. படலையடியில் நிற்கும் மாணவனைக் கடன் கேட்க வந்தவனைப்போல் நோக்கித் திருப்பி அனுப்பாதீர்கள். வினாக்கொத்துக்கு மெய்யான விடை கொடுங்கள். வெட்கப்பட்டு நோயை மறைத்தால் அவன் கணக்கு முழுவதும் பிழைக்கும். போத்தலை நிரப்பிக் கொடுக்கும்போது, "தம்பி, முடிவை எங்களுக்கு எப்போது சொல்வாய்?" என்றும் கேட்டு வையுங்கள். அவ்வாறு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கைக்குழந்தை உள்ள வீடாயின் கட்டாயம் கேட்க வேண்டும். நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்று நம் தாய்மார் நம்புகின்றனர். கிருமிகள் சாகும், நைத்திரேற்றோ போகாது, நீர் ஆவியாகக் குறையக் குறைய அது மேலும் செறியும். இந்தச் செய்தி பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கில், கட்டிய ஆய்வேட்டுக்குள் கிடக்கும்வரை, அடுப்படியில் நிற்கும் தாய்க்கு அது தெரியப் போவதில்லை.