ஒரு நாயகன், நாலு அடுப்பு

கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணம் என்றால் பந்தலுக்குப் பின்னால் விறகு அடுப்புகள் வரிசையாக எரியும். ஆயிரம் பேருக்குப் பிரியாணி ஆக்க வேண்டும் என்பதற்காக எந்தப் பண்டாரியும் ஆள் உயரத்துக்கு ஒரே தேக்சாவைத் தேடிப் போவதில்லை. ஒரு தேக்சாவுக்கு 20, 25 கிலோ அரிசி என்று ஒரு கணக்கு உண்டு. அதை மீறினால் அடி தீய்ந்துவிடும், நடுவில் குழையும், மேலே அரிசி விறைத்து நிற்கும். தம் சரியாக விழாது. கூட்டம் கூடினால் இன்னோர் அடுப்பை மூட்டி, அதற்கு ஒரு கையாளை நிறுத்துவார்கள். மசாலா எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

காமிக்ஸ் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: ஸ்பைடர்மேன் ஏன் ஒரே மாதத்தில் மூன்று நாலு இதழ்களில் வருகிறான், எல்லாக் கதையையும் ஒரே புத்தகத்தில் போட்டால் என்ன? பதிலை இந்த அடுப்படியிலிருந்தே சொல்லிவிடலாம்.

தேக்சாவின் கொள்ளளவு இங்கே ஓவியரின் கை. அமெரிக்க மாத இதழில் கதை 20 முதல் 22 பக்கம். பென்சிலால் வரையும் ஓவியர் நன்றாக உழைத்தால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் முடிப்பார். அதன் மேல் மை தீட்ட ஒருவர், வர்ணம் பூச ஒருவர், பலூனுக்குள் வசனம் எழுத ஒருவர். ஆக, ஓர் ஓவியருக்கு ஒரு மாதம் என்பது ஓர் இதழ், அதோடு தீர்ந்தது. வாசகர் மாதம் எண்பது பக்கம் கேட்டால் நாலு ஓவியர்கள் வேண்டும். இதில் எந்தச் சூழ்ச்சியும் இல்லை, மனிதக் கையின் வேகம் அவ்வளவுதான்.

சூப்பர்மேன் கதையில் இது பளிச்சென்று தெரியும். ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் வரைய, 1938-ல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அவன் வந்தான். மாதம் 13 பக்கம். இரண்டு நண்பர்களால் சமாளிக்க முடிந்தது. 1939 ஜனவரி 16-ல் நாளிதழ்களில் தினசரிப் படக்கதை தொடங்கியது. அதே ஆண்டு கோடையில் ‘சூப்பர்மேன்’ என்ற பெயரிலேயே தனிப் புத்தகம். நவம்பரில் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம். ஷஸ்டருக்கோ பார்வை மங்கிக்கொண்டிருந்தது. கிளீவ்லாந்தில் ஒரு ஸ்டூடியோ திறந்து, வேய்ன் போரிங் போன்ற உதவியாளர்களைச் சேர்த்தார்கள். தனிப் புத்தகத்தின் முதல் இதழில் பெரும்பகுதி பழைய கதைகளின் மறுபதிப்புதான். பந்தி நிறைந்த பிறகு ஓடிப்போய் அடுப்பு மூட்டிய கதை அது.

நம் வாசகர்கள் நன்கறிந்த உதாரணம் வேதாளர். லீ பால்க் 1936 பிப்ரவரி 17-ல் அவரைத் தினசரிப் படக்கதையாகத் தொடங்கினார். 1939 மே மாதம் ஞாயிறு பக்கமும் சேர்ந்தது. திங்கள் முதல் சனி வரை ஒரு கதை ஓடும். ஞாயிறன்று முற்றிலும் வேறொரு கதை. சில பத்திரிகைகள் தினசரியை மட்டும் வாங்கின, சில ஞாயிறை மட்டும் வாங்கின. இரண்டையும் ஒரே கதையாகக் கோத்தால் ஒன்றை மட்டும் படிப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. 1999-ல் இறக்கும்வரை இரண்டு கதைகளையும் பால்க்கே எழுதிவந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான். அந்தக் கதைகள்தாம் பின்னாளில் இந்திரஜால், முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்று பல வாசல் வழியாகத் தமிழுக்கு வந்தன. இங்கே பல வாசல்களுக்குக் காரணம் உரிமை விற்பனை. கதையின் சொந்தக்காரர் ஒருவர், அச்சிட உரிமை வாங்கியவர்கள் பலர்.

அடுத்தது தால்சா. பிரியாணிக்கு வந்த அதே கறியிலிருந்து எலும்புத் துண்டுகளை ஒதுக்கி, பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்துத் தனி அடுப்பில் கொதிக்க விடுவார்கள். கறி ஒன்று, பதார்த்தம் வேறு. நல்ல இரண்டாவது தொடர் இப்படித்தான் பிறக்கும். 1972-ல் ‘மார்வெல் டீம்-அப்’ வந்தபோது ஸ்பைடர்மேன் பெரும்பாலான இதழ்களில் வேறொரு நாயகனோடு கைகோத்தான். ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ இதழில் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கரின் வீடு, வேலை, காதல் எல்லாம் மெதுவாக நகர, இதில் ஒரே இதழில் முடியும் சாகசங்கள் நிறைய வந்தன. புதிதாக ஒரு நாயகனை அறிமுகம் செய்யவும் அது வசதியான இடம்.

இன்னொரு காரணம் பணம். அதை மறைக்க வேண்டியதில்லை. 1970-களுக்குப் பின் அமெரிக்காவில் பெருகிய காமிக்ஸ் கடைகள், விற்காததைத் திருப்பித் தர முடியாது என்ற நிபந்தனையோடு முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டும். தேங்கிய பிரதி கடைக்காரர் தலையில். பெயர் தெரியாத நாயகனின் முதல் இதழை அவர் தயங்கித் தயங்கிப் பத்து வாங்குவார். அட்டையில் ஸ்பைடர்மேன் இருந்தால் யோசிக்காமல் நூறு வாங்குவார். பதிப்பாளரும் அந்தப் பக்கமே சாய்வார். கல்யாணத்தில் புதுப் பதார்த்தத்தைச் செய்து பார்க்க யாருக்குத் துணிவு வரும்?

அடுப்பு எத்தனை என்பதைச் சமையல்காரர் மட்டுமே தீர்மானிப்பதும் இல்லை. 1957-ல் விநியோகஸ்தரை இழந்த மார்வெல், போட்டி நிறுவனமான டி.சி. தரப்பின் விநியோக நிறுவனத்திடமே போய் நிற்க நேர்ந்தது. மாதம் எட்டு தலைப்புகளுக்கு மேல் கூடாது என்பது அங்கே நிபந்தனை. அதனால்தான் அயர்ன்மேனும் கேப்டன் அமெரிக்காவும் ஒரே புத்தகத்தைப் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். 1968-ல் கட்டு தளர்ந்ததும் ஆளுக்கொரு புத்தகம் கிடைத்தது.

இத்தனை அடுப்பு எரியும்போது உப்பு பார்க்க ஒருவர் வேண்டும். வடித்துத் தம் போடும் பிரியாணியில், அரிசி வேகும் உலைத் தண்ணீரை நாக்கில் வைத்தால் கொஞ்சம் கரிக்க வேண்டும்; அப்போதுதான் வடித்த சோற்றில் உப்பு சரியாக நிற்கும். மரக்காணத்துக் கல்லுப்பை ஆளாளுக்கு அள்ளிப் போட்டால் ஒரு பந்தி கரிக்கும், ஒரு பந்தி சப்பென்றிருக்கும். தலைமைப் பண்டாரி ஒவ்வோர் உலையிலும் கரண்டி விட்டுப் பார்த்துக்கொண்டே போவார். காமிக்ஸில் அது ஆசிரியர் வேலை. ஓர் இதழில் கை முறிந்தவன் அதே வாரம் வரும் இன்னோர் இதழில் சுவர் ஏறக் கூடாது. இதை மிகக் கறாராகச் செய்தது டி.சி.யின் சூப்பர்மேன் குழு. 1991 முதல் அட்டையில் ஒரு சிறிய முக்கோணத்துக்குள் எண் போட்டார்கள். நாலு தலைப்புகள், நாலு குழுக்கள், வாரம் ஒன்று. எதற்குப் பின் எது என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

ஒழுங்கு அழகுதான். ஆனால் ஒரே கதையை நாலு புத்தகத்தில் பிய்த்துப் போட்டால் நாலையும் வாங்கியே தீர வேண்டும். 1993-ல் ‘மேக்ஸிமம் கார்னேஜ்’ என்ற கதை ஐந்து ஸ்பைடர்மேன் தலைப்புகளில் 14 பாகமாக ஓடியது. ஒரு தலைப்பை மட்டும் வாங்கிய பையனுக்கு மூன்றிலொரு பங்குகூடக் கிடைத்திருக்காது. இது தால்சா இல்லை. ஒரு தேக்சாவில் சோறும் இன்னொன்றில் கறியுமாகப் பிரித்துவைத்து ஆளை அலையவிடுவது. கைச்செலவைச் சேர்த்துவைத்துப் புத்தகம் வாங்கும் பிள்ளைகளுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அடுப்புகள் பல வேண்டும் என்பது கட்டாயம். தலைப்புகள் பல வேண்டும் என்பது பதிப்பாளர் விருப்பம். இரண்டும் வேறு வேறு. பல அடுப்புகளை மூட்டியும் ஒரே தலைப்பில் பரிமாறலாம் என்பதை 2008-ல் மார்வெலே செய்து காட்டியது. உடன் ஓடிய தொடர்களை நிறுத்திவிட்டு ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ ஒன்றையே மாதம் மூன்று முறை கொண்டுவந்தது. எழுத்தாளர்களும் ஓவியர்களும் முறை வைத்து மாறினார்கள். வாசகர் ஒரே பெயரைச் சொல்லி வாங்கினால் போதும்.

சிவகாசியின் லயன் காமிக்ஸ் வழியாக நாம் கொண்டாடும் டெக்ஸ் வில்லருக்கு இத்தாலியில் நெடுங்காலமாக இதே முறைதான். 1948-ல் ஜியான் லூயிஜி பொனெல்லியும் ஆரேலியோ கல்லெப்பினியும் உருவாக்கிய டெக்ஸின் மாத இதழில் இன்று கதை மட்டும் 110 பக்கம். ஓவியர்கள் பலர் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு கதையை வரைந்துகொண்டிருப்பார்கள். முடிந்தது முறைப்படி அந்த ஒரே இதழில் வரும். பக்கவாட்டில் வேறு தொடர்களும் உண்டு. 1988 முதல் பெரிய அளவில் வரும் சிறப்பிதழ், ஒவ்வொரு முறையும் ஓர் ஓவியரின் கைவண்ணத்துக்காகவே வருவது. 2018 நவம்பரில் தொடங்கிய ‘டெக்ஸ் வில்லர்’ தொடர், அவர் ரேஞ்சர் ஆவதற்கு முன் சட்டத்தால் தேடப்பட்ட இளைஞனாக அலைந்த நாட்களைச் சொல்கிறது. மூத்த டெக்ஸின் ஒரு கதையைக்கூடப் படிக்காதவரும் அதைக் கையில் எடுத்து, முதல் பக்கத்திலிருந்தே புரிந்து படிக்கலாம்.