நாட்பட்ட கிரானுலோமா நோய்

நாட்பட்ட கிரானுலோமா நோய் என்பது பிறவியிலேயே அமையும் நோயெதிர்ப்புக் குறைபாடுகளுள் ஒன்று. ஏறத்தாழ 2 லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று எனக் காணப்படும் அரிய நோய் இது. 1950களில் அமெரிக்க மருத்துவர்கள் இதனை விவரித்தபோது உயிர்கொல்லி நோய் என்றே குறிப்பிட்டனர். இன்று தக்க மருத்துவம் பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்ந்து பெரியவர்களாகின்றனர்.

காரணம்

இரத்தத்தில் உள்ள நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி, ஒரு நொதியின் உதவியால் ஆக்சிஜனிலிருந்து நச்சுப்பொருள்களை உண்டாக்கி அவற்றைக் கொல்கின்றன. இந்நோயில் அந்த நொதி செயல்படுவதில்லை. கிருமி விழுங்கப்படும், ஆனால் சாகாது. அதைச் சூழ்ந்து அணுக்கள் திரள்வதால் உண்டாகும் கட்டியே கிரானுலோமா.

மரபுவழி

குறைபாடு எக்ஸ் குரோமோசோமில் இருந்தால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுவர். பிற குரோமோசோம்களில் இருந்தால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரும்போதே நோய் தோன்றும். மாமன் மகள், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவில் மணம் புரியும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல்.

பூஞ்சைத் தொற்று

அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத இவை, இக்குழந்தைகளின் நுரையீரலில் வளர்ந்து எலும்புக்கும் பரவக்கூடும். தொடக்கத்தில் காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். வைக்கோற்போர், குப்பைக்குழி ஆகியவற்றைக் கிளறும்போது வித்துகள் பெருமளவில் கிளம்பும். அங்கே இக்குழந்தைகளை விடக் கூடாது. சிங்கம்புணரி போன்று தென்னை நார்த் தொழில் நடக்கும் ஊர்களில், மட்கும் நார்க்கழிவுக் குவியல்களுக்கும் இது பொருந்தும்.

கண்டறிதல்

அடிக்கடி வரும் நிணநீர்க்கட்டி, கல்லீரலில் சீழ்க்கட்டி, ஆறாத நிமோனியா ஆகியவை அறிகுறிகள். பி.சி.ஜி. தடுப்பூசிக்குப்பின் அக்குளில் கட்டி பெரிதாவதும் ஓர் அறிகுறியாகலாம். காசநோய் மிகுந்த இந்தியாவில் இது காசநோய் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறையாததால் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாது. நொதியின் செயலைக் காட்டும் டி.எச்.ஆர். சோதனை தேவை.

மருத்துவம்

தொற்றைத் தடுக்க கோட்ரைமாக்சசோல், இட்ராகோனசோல் ஆகிய மருந்துகள் நாள்தோறும் தரப்படுகின்றன. நோயை முற்றிலும் குணமாக்க எலும்பு மச்சை மாற்று செய்யப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இம்மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது. இந்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை (2021), ஒருமுறைச் சிகிச்சையால் குணமாகும் நோய்களின் பிரிவில் இதனைச் சேர்த்துள்ளது. 2022 முதல் அக்கொள்கையின்கீழ் ரூ.50 லட்சம் வரை உதவி பெற வழியுண்டு.