கொல்லை அறையும் கம்பியில்லா இணையமும்

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்வது தமிழ்நாட்டின் பழைய தெருவீடுகள் பலவற்றின் அமைப்பாகும். இத்தகைய வீட்டிற்கு இணையக் கம்பி தெருப்பக்கமிருந்து வருவதால், ரவுட்டர் என்னும் கருவி பெரும்பாலும் வாயிலை ஒட்டிய அறையிலேயே அமைந்துவிடுகிறது. படிக்கும் பிள்ளைக்கோ, அமைதி கருதிக் கொல்லைப்புறத்து அறையை ஒதுக்குவர். 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டு, இணையத்தின் வழியே பாடங்கள் நடைபெற்றபோது, இவ்வமைப்பின் குறை வெளிப்பட்டது. கூடத்தில் தெளிவாகக் கேட்ட ஆசிரியரின் குரல், கடைசி அறையில் விட்டுவிட்டு ஒலித்தது. சில வேளைகளில் அறவே நின்றது. ஒரே கூரையின்கீழ் ஓர் அறைக்குக் கல்வி எட்டியது. மற்றோர் அறைக்கு எட்டவில்லை.

வைஃபை எனப்படும் கம்பியில்லா இணையம் வானொலி அலைகளால் இயங்குவது. இவ்வலைகள் உண்டென்பதை ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் சோதனை வாயிலாக மெய்ப்பித்தார். ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த பல்கலைக்கழக நிலையங்களைத் தலைமைக் கணிப்பொறியோடு இணைக்கும் நோக்குடன் அமைக்கப்பட்ட ‘அலோகாநெட்’ என்னும் வானொலி வலை 1971ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்னும் தரவரையறை 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கடலைக் கடக்கவல்ல அலை, வீட்டுச் சுவரைக் கடக்க இயலாமல் தளர்வது ஏன்? அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, தொலைவு. அலை பரவப் பரவ அதன் வலிமை குன்றுகிறது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால், வலிமை நான்கில் ஒரு பங்காகும். ஒருவர் அலைவரிசை மற்றொருவரைக் கெடுக்காதிருத்தற்பொருட்டு, வீட்டுக் கருவிகள் குறைந்த வலிமையிலேயே அலையை வெளியிட விதிகள் இடந்தருகின்றன.

இரண்டாவது, தடை. செங்கற்சுவரும் கற்சுவரும் அலையின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. கான்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பிகள், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடியின் பூச்சு ஆகியவை அலையைத் திருப்பி விடுகின்றன. தண்ணீர்த்தொட்டி அதனை விழுங்கிவிடுகிறது. வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்கும். பின்னது விரைவுமிக்கது, ஆனால் சுவர்களைக் கடப்பதில் முன்னதைவிட வலிமை குன்றியது. ஆகவே, தொலைவிலுள்ள அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸே பெரும்பாலும் ஏற்றது.

மூன்றாவது, இடையூறு. அண்டை வீட்டு ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடக் கூடும். சந்தைக்கூச்சலில் ஒருவர் பேச்சு மற்றவர்க்குக் கேளாததுபோல், அலைகளும் ஒன்றோடொன்று மோதிக் குழம்புகின்றன.

இங்கே மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. இணையத்தொடர்பு ஒருவழிப் பேச்சன்று. ரவுட்டர் கூறுவதைக் கைப்பேசி கேட்டால் மட்டும் போதாது. கைப்பேசியின் மெல்லிய மறுமொழியும் ரவுட்டருக்கு எட்டுதல் வேண்டும். ஆதலால், ரவுட்டரின் வலிமையை மட்டும் பெருக்குவதால் முழுப்பயன் விளையாது.

காரணம் தெளிந்தபின், செலவு குறைந்த வழியை முதலில் நாடுவதே அறிவுடைமை. ரவுட்டரைத் தெருவறையிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றி, ஆளுயரத்திற்குக் குறையாத மேடையில், இரும்புப் பொருள்களுக்கு விலக்கி வைத்தால், பல வீடுகளில் குறை பெரும்பாலும் நீங்கும்.

அதுவும் போதாதவிடத்து, எக்ஸ்டெண்டர் என்னும் கருவி உதவும். அது வந்த அலையைப் பெற்று மீண்டும் அனுப்புவது. அலை எட்டாத அறையிலேயே அதனை வைப்போர் பலர். பெறாத ஒன்றை அது எவ்வாறு அனுப்பும்? ரவுட்டருக்கும் அவ்வறைக்கும் இடையே, அலை நன்கு கிடைக்கும் இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். ஒரே அலைவரிசையில் பெறுவதும் அனுப்புவதும் மாறிமாறி நிகழ்வதால், எளிய எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மெஷ் என்னும் அமைப்பில், பல கருவிகள் ஒரே பெயரில் ஒரு வலையாக இயங்கி வீடு முழுவதும் அலையைப் பரப்புகின்றன; அதற்குச் செலவு மிகுதி.

எல்லாவற்றினும் உறுதியானது, கம்பியில்லா இணையத்திற்குக் கம்பியையே துணைகொள்வது. ரவுட்டரிலிருந்து கடைசி அறைவரை லேன் கேபிளை இழுத்து, அங்கே மற்றொரு வைஃபைக் கருவியை இணைக்கலாம். இக்கேபிள் 100 மீட்டர் வரை தகவலைத் தளர்வின்றிச் சுமக்கும். பெரும்பாலான வீடுகள் அவ்வெல்லைக்குள் அடங்கும். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய ரவுட்டரையே, அமைப்பை மாற்றி இப்பணிக்குக் கொள்ளுதலும் கூடும். கேபிளை மின்கம்பிகளுக்கு விலக்கி அமைத்தல் இன்றியமையாதது.

நோயின் காரணம் அறியாது மருந்து வாங்குவோர் பொருளை இழப்பர். அலை எங்கே தளர்கிறது என்பதைக் கைப்பேசியைக் கையிலேந்தி, அறை அறையாக நடந்து பார்த்தே கண்டுகொள்ளலாம். அச்சிறு முயற்சி வீண்செலவைத் தவிர்க்கும். கொல்லை அறையில் தனித்திருந்து படிக்கும் பிள்ளைக்கும், அங்கே ஓய்வு கொண்டு அயலூரிலுள்ள மக்களின் குரலுக்காகக் காத்திருக்கும் முதியோர்க்கும், கூடத்தில் இருப்போர்க்குரிய அதே வாய்ப்பு அதனால் கிட்டும்.