ஆயில் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

டிராக்டருக்கு ஆயில் மாற்றும்போதெல்லாம் வருகிற கேள்விதான்: பெயர் பெற்ற கம்பெனி ஆயிலா, கடைக்காரர் கைகாட்டும் மலிவு ஆயிலா?

விலையைக் கேட்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். '15டபிள்யூ-40' என்று இருப்பது ஆயிலின் கெட்டித்தன்மை. 'ஏ.பி.ஐ. சி.எஃப்-4', 'சி.ஐ-4' என்று இருப்பது தரம். 'சி' வரிசை டீசல் இன்ஜினுக்கு. 'எஸ்' மட்டும் இருந்தால் அது பெட்ரோல் வண்டிக்கு, டிராக்டருக்கு வேண்டாம். இரண்டும் கையேட்டில் உள்ளபடியே இருந்து, தயாரிப்பாளர் முகவரியும் பில்லும் இருந்தால், குறைந்த விலை ஆயிலே போதும். விளம்பரச் செலவை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

பயப்பட வேண்டியது வேறு. கழிவு ஆயிலை வடிகட்டி, பெரிய கம்பெனியின் பழைய டப்பாவிலேயே அடைத்து விற்பவர்கள் உண்டு. அதில் மிச்சம் பிடித்த நூறு, இருநூறு ரூபாய் இன்ஜின் போர் வேலையில் பல மடங்காகப் போய்விடும். சீல் உடைந்ததையும், உதிரியாக அளந்து ஊற்றுவதையும் வாங்காதீர்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டே பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள்.

ஊற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்தால் போலி என்று பதற வேண்டாம். டீசல் கரியைத் தன்னுள் இழுத்து வைப்பது நல்ல ஆயிலின் வேலை. பால் கலந்ததுபோல் வெளுத்தால்தான் ஆபத்து, தண்ணீர் இறங்கியிருக்கும். இன்ஜினை உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள்.