கடலின் பேறுகாலம்

ஜூலையில் மீன் வாங்கப் போய், "இதென்ன ஆனை விலை, குதிரை விலை!" என்று கூடைக்காரியிடம் சண்டை போட்டிருக்கிறீர்களா? அவள்மேல் குற்றமில்லை, அம்மா.

குமரி மாவட்டத்துக் குளச்சலில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம். கடலடியை அரித்துச் செல்லும் இழுவை மடியில் தாயும் குஞ்சும் சேர்ந்தே போய்விடும் அல்லவா?

அதே மாவட்டத்துச் சின்னமுட்டத்திலோ தடை ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. அது கீழைக்கரைக் கணக்கு, குளச்சல் மேலைக்கரை. ஒரே மாவட்டம், இரண்டு பஞ்சாங்கம்!

கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் தடையில்லை. ஆனால் தென்மேற்குப் பருவக் கடல் அவற்றைச் சும்மா விடுமா?

விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் உலை கொதிப்பது எப்படி? 5,000 ரூபாயாக இருந்த அரசு நிவாரணம் 2024-ல் 8,000 ஆயிற்று. பங்கிட்டுப் பாருங்கள்: குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய்!

நாளைக்கு நம் குழம்பில் மீன் இருக்க, இன்று அந்த வீட்டுப் பெண்கள் வயிற்றைக் கட்டுகிறார்கள். எனவே, விலை கொஞ்சம் கூடினால் முகம் சுளிக்காதீர்கள். வளராத குஞ்சு மீனைக் கூறுகட்டி வைத்திருந்தால் மட்டும், வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்!