அயலரசுகளும் யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சியும்

1619ஆம் ஆண்டில் பிலிப் டி ஒலிவேறா தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படை சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்து யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது. அவ்வீழ்ச்சிக்கு அரச குடும்பத்து உட்பகையே காரணம் என்பர். உட்பகை இருந்தது உண்மையே. எனினும் அயலரசுகளின் நிலைப்பாடும் உடன்வைத்து நோக்கற்பாலது.

கண்டி மன்னன் செனரத் 1617இலேயே போர்த்துக்கேயரோடு உடன்படிக்கை செய்து தன் அரசைக் காத்துக்கொண்டான். தஞ்சை இரகுநாத நாயக்கன் அனுப்பிய படை, அரசு வீழ்ந்த பின்னர் பொருது தோற்றது. கண்டிப் படை யாழ்ப்பாணத்தை அடைந்தபோது 1620கள் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தன. இரு அரசுகளும் ஒருங்கே எழவில்லை. தனித்தனியே எழுந்து தனித்தனியே தோற்றன.

இதனைக் கோழைத்தனம் என்றோ துரோகம் என்றோ கூறி அமைதல் ஆய்வாகாது. நிலவரியை அடித்தளமாகக் கொண்ட இவ்வரசுகளிடம் போர்த்துக்கேயரை எதிர்க்கவல்ல கடற்படை இருக்கவில்லை. அண்டை நாட்டின் அழிவைத் தம் அரண்மனை நலனைக் கொண்டே அவை அளந்தன. போர்த்துக்கேயரோ மன்னார் முத்துக்குளிப்பையும் யாழ்ப்பாண யானை வாணிபத்தையும் ஒரே கடலாதிக்கத்தின் கூறுகளாகக் கண்டனர்.

பின்னர் 1638இல் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரைத் துணைக்கழைத்தான். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்தது. அதனைப் பெற்றவர் ஒல்லாந்தரே. ஒரு வல்லரசை விரட்ட மற்றொன்றை அழைத்ததன் விளைவு இதுவாகும். அரசவைகள் செய்த இக்கணக்குகள் எவற்றிலும் இடம்பெறாத உழவரே, தோம்பேடுகளிற் பதியப்பெற்று, இரு ஆட்சிகளிலும் வரி செலுத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது.