"வலிக்கிறதா பாட்டி?" நர்சுகள் கண்டுபிடிப்பது எப்படி?

தாம்பரம் ரெயில் நிலைய மேம்பாலப் படிகளைப் பாருங்கள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நின்று நின்று ஏறும் தாத்தா, பாட்டிகளைக் காணலாம். "வலிக்கிறதா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பார்கள்!

காய்ச்சலை அளக்க தர்மாமீட்டர் உண்டு. வலியை அளக்கக் கருவி கிடையாது. நோயாளி சொல்வதுதான் அளவு. ஆனால் முதியவர்கள் பலர் வலியைச் சொல்வதில்லை. "வயதானால் வலிக்கத்தானே செய்யும்" என்ற எண்ணம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதே என்ற கவலை வேறு!

3 மாதத்துக்கு மேல் நீடிப்பது நாள்பட்ட வலி. மூட்டுத் தேய்வு, சர்க்கரை நோயால் கெட்டுப்போன நரம்பு, புற்றுநோய் ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

கேட்கும் விதம்

கைதேர்ந்த நர்சு "வலி" என்ற சொல்லோடு நிறுத்துவதில்லை. "கடுக்கிறதா? குடைகிறதா? எரிகிறதா? குத்துகிறதா?" என்று கேட்பார். "வலி இல்லை" என்ற பாட்டியே, "ராத்திரி முழுக்க முழங்கால் கடுக்கிறது, அம்மா" என்பார். எரிச்சல் என்றால் நரம்புக் கோளாறாக இருக்கலாம்.

பிறகு மார்க்கு. வலி இல்லை என்றால் 0. தாங்கவே முடியாது என்றால் 10. எண் சொல்லத் தெரியாதவர்களுக்கு, சிரித்த முகம் முதல் அழும் முகம் வரை 6 படங்கள் உண்டு. தொட்டுக் காட்டினால் போதும்.

படுத்திருக்கும்போது மட்டும் கேட்டால் போதாது. எழுந்து நடக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும்.

பேச முடியாதவர்களுக்கு?

மறதி நோயாளிகளுக்காக, 2003-ல் அமெரிக்காவில் ஒரு முறை வகுக்கப்பட்டது. மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடல் அசைவு, ஆறுதலுக்கு அடங்குவது என 5 அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 மார்க்கு வரை.

அமெரிக்க நர்சு மார்கோ மக்காஃப்ரி 1968-ல் ஒரு விதி சொன்னார். நோயாளி வலிக்கிறது என்றால், வலி இருக்கிறது. நம்ப வேண்டும்!

எங்கே போவது?

கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து மின்சார ரெயிலில் கிண்டிக்குப் போகலாம். 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே வலி நிவாரண சிகிச்சையும் உண்டு.

டாக்டரைக் கேட்காமல் கடையில் வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள். அடிக்கடி தின்றால் வயிறு புண்ணாகும்; சிறுநீரகமும் கெடும்.

வலி எங்கே, எப்போது, எத்தனை மார்க்கு என்று ஒரு நோட்டில் தினமும் குறித்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்றைக்கே பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "எங்கே கடுக்கிறது, பாட்டி?"